மின்னஞ்சல் இணைப்புத் தடை

மின்னஞ்சல் இணைப்புத் தடை என்பது மின்னஞ்சலுடன் வரும் ஒரு கோப்பு கணினிக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும் எனக் கருதி, பயனர் அதனைத் திறக்கவோ சேமிக்கவோ இயலாதவாறு நிறுத்தி வைக்கும் பாதுகாப்பு ஏற்பாடு ஆகும். இத்தடையை மின்னஞ்சல் வழங்கி, கணினியில் நிறுவப்பட்டுள்ள மின்னஞ்சல் மென்பொருள், நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள், இயங்குதளம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று விதிக்கலாம். மைக்ரோசாப்ட் அவுட்லுக் மென்பொருளில் இத்தடை பரவலாக அறியப்பட்டதாகும்.

அவுட்லுக் ஒரு கோப்பைத் தடுக்கும்போது அக்கோப்பு அழிக்கப்படுவதில்லை. அது மடலுடனேயே இருக்கின்றது, ஆனால் பயனரின் பார்வையிலிருந்து மறைக்கப்படுகின்றது. அத்துடன், கோப்பின் உள்ளடக்கத்தை ஆராயாமல் அதன் பெயரின் இறுதியில் உள்ள நீட்டிப்பை மட்டும் கொண்டே இத்தடை விதிக்கப்படுகின்றது. எனவே தடுக்கப்பட்ட கோப்பு தீயது என்றோ, தடுக்கப்படாத கோப்பு நல்லது என்றோ முடிவு செய்ய இயலாது.

இக்கட்டுரையில் 'இணைப்பு' என்னும் சொல் மடலுடன் அனுப்பப்படும் கோப்பை மட்டும் குறிக்கின்றது. இணையப் பக்கத்துக்கு இட்டுச் செல்லும் முகவரி 'தொடுப்பு' எனப்படுகின்றது. கோப்பு நீட்டிப்புகள் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன.

இணைப்பு செயற்படும் முறை

தொடக்ககால மின்னஞ்சல் நெறிமுறைகள் ஆங்கில எழுத்துகளைக் கொண்ட உரையை மட்டும் அனுப்புவதற்காக வடிவமைக்கப்பட்டவை. படம், ஒலி, நிரல் முதலிய பிறவகைக் கோப்புகளை மடலுடன் அனுப்புவதற்கு 'மைம்' என்னும் சீர்தரம் 1992 ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. இதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான நதானியேல் போரென்ஸ்டைன் மார்ச் 11, 1992 அன்று மைம் முறையிலான இணைப்புடன் கூடிய மடலை அனுப்பினார்.

இம்முறையில் கோப்பு 'பேஸ்64' என்னும் குறிமுறைப்படி எழுத்துகளாக மாற்றப்படுகின்றது. கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டுகளும் 4 எழுத்துகளாக மாறுகின்றன. இதனால் கோப்பின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றது. 15 மெகாபைட் அளவுள்ள கோப்பு அனுப்பப்படும்போது 20 மெகாபைட்டாக ஆகின்றது.

பெறுபவரின் மென்பொருள் இவ்வெழுத்துகளை மீண்டும் கோப்பாக மாற்றுகின்றது. விண்டோஸ் இயங்குதளம் கோப்பின் நீட்டிப்பைக் கொண்டு எந்த மென்பொருளால் அதனைத் திறப்பது என முடிவு செய்கின்றது. ஜே.பி.ஜி என்றால் படமாகக் காட்டப்படுகின்றது, இ.எக்ஸ்.இ என்றால் நிரலாக இயக்கப்படுகின்றது. ஒரு படத்தைப் பார்ப்பதற்கும் ஒரு நிரலை இயக்குவதற்கும் பயனர் செய்வது ஒரே இரட்டைச் சொடுக்கு ஆகும். நீட்டிப்பு சார்ந்த தடை தோன்றியதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

இணைப்புகளின் பயன்: மேலூர் வட்ட எடுத்துக்காட்டு

இணைப்புகள் ஆபத்தானவை என்றால் அவை அனைத்தையும் தடுத்துவிடலாமே என்ற கேள்வி எழலாம். மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டத்தில் நடைபெற்ற திட்டம் ஒன்று இதற்கு விடை தருகின்றது. கொட்டாம்பட்டி, மேலூர் ஆகிய ஊராட்சி ஒன்றியங்கள் அடங்கிய இவ்வட்டத்தில் 'சாரி' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட ஊரக இணையத் திட்டம் 2001 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகம், ஆர்வர்டு பல்கலைக்கழகம், என்-லாக் நிறுவனம் முதலியன இதில் பங்கேற்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டெனெட் குழு பங்கேற்று உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் மூலம் சிற்றூர்களில் இணைய மையங்கள் அமைக்கப்பட்டன.

இம்மையங்களில் இருந்து சான்றிதழ்களுக்கான விண்ணப்பங்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் மூலம் அனுப்பப்பட்டன. சிற்றூர் மக்களின் கண்கள் வலைப்படக்கருவியால் படமெடுக்கப்பட்டு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டன. நோயுற்ற வெண்டைப் பயிரின் படங்கள் மதுரை வேளாண்மைக் கல்லூரி வல்லுநர்களுக்கு அனுப்பப்பட்டு ஆலோசனை பெறப்பட்டது. நகரத்துக்குப் பேருந்தேறிச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய ஒருவருக்கு, மடலுடன் செல்லும் ஒரு படம் அப்பயணத்தை மிச்சப்படுத்தியது.

கார்டெக்ட் இணைப்பின் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் ஆகும். 200 கிலோபைட் அளவுள்ள ஒரு படம் பேஸ்64 குறிமுறைக்குப் பின் ஏறத்தாழ 267 கிலோபைட்டாகின்றது. 35 கிலோபிட் வேகத்தில் இதனை அனுப்ப ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இத்தகைய சூழலில் தடுக்கப்பட்ட ஓர் இணைப்பை மீண்டும் அனுப்புவது நேரத்தையும் பணத்தையும் செலவழிப்பதாகும். பின்னாளில் இத்திட்டத்தின் மையங்கள் பல மூடப்பட்டன. எனினும், தேவையான கோப்பு சென்று சேர்வதும் தீங்கான கோப்பு இயங்காமல் தடுக்கப்படுவதும் ஒருங்கே நடைபெற வேண்டும் என்னும் தேவை இன்றும் மாறவில்லை. கண்ணின் படம் தாங்கிய ஜே.பி.ஜி கோப்பு அவுட்லுக்கின் தடைப்பட்டியலில் இல்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

தடையின் வரலாறு

மார்ச் 1999 இல் பரவிய 'மெலிசா' என்னும் நச்சுநிரல் வேர்ட் ஆவணமாக வந்தது. அதனைத் திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்திலிருந்து 50 முகவரிகளுக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது.

மே 4, 2000 அன்று பிலிப்பைன்சில் இருந்து 'ஐ லவ் யூ' என்னும் புழு பரவத் தொடங்கியது. காதல் மடல் போன்ற பெயருடைய அதன் இணைப்பு டி.எக்ஸ்.டி, வி.பி.எஸ் என அடுத்தடுத்து இரண்டு நீட்டிப்புகளைக் கொண்டிருந்தது. விண்டோஸ் தான் அறிந்த நீட்டிப்புகளை இயல்பாக மறைத்துவிடுவதால், இறுதியில் இருந்த வி.பி.எஸ் பலருக்குத் தெரியவில்லை. டி.எக்ஸ்.டி என்பதை மட்டும் கண்டவர்கள் அதனை வெறும் உரைக் கோப்பு எனக் கருதித் திறந்தனர். புழு முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பியதுடன், கணினியில் இருந்த ஜே.பி.ஜி படங்கள் உட்படப் பல கோப்புகளின் மீது தன்னையே எழுதி அவற்றை அழித்தது. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மக்களவை தன் மின்னஞ்சல் சேவையைத் தற்காலிகமாக நிறுத்த நேரிட்டது. மடல் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து வந்ததே புழுவின் வெற்றிக்கு முதன்மையான காரணமாகும்.

இதனைத் தொடர்ந்து ஜூன் 2000 இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் அவுட்லுக் 98, அவுட்லுக் 2000 ஆகியவற்றுக்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தலை வெளியிட்டது. இது இரண்டு மாற்றங்களைக் கொணர்ந்தது. முதலாவது, இயங்கக்கூடிய கோப்பு வகைகள் தடுக்கப்பட்டன. இரண்டாவது, வேறொரு நிரல் முகவரிப் புத்தகத்தை அணுகவோ பயனர் பெயரில் மடல் அனுப்பவோ முயன்றால் பயனரின் ஒப்புதல் கேட்கப்பட்டது. அவுட்லுக் 2002 முதல் இவ்வேற்பாடு மென்பொருளின் பகுதியாகவே அமைந்தது.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 6 இல் இத்தடை ஒரு தெரிவாக இருந்தது. 2002 இல் வெளிவந்த முதலாம் சேவைத் தொகுப்புடன் அது இயல்பாகவே செயற்படுத்தப்பட்டது. ஆகஸ்ட் 2004 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பு, இணையத்திலிருந்து வந்த கோப்புகளுக்கு அடையாளமிட்டு எச்சரிக்கும் ஏற்பாட்டை இயங்குதளத்திலேயே சேர்த்தது. பிப்ரவரி 2017 முதல் ஜிமெயில் சேவை ஜே.எஸ் கோப்புகளையும் தடுக்கத் தொடங்கியது.

அவுட்லுக்கின் இரு நிலைகள்

அவுட்லுக் கோப்பு வகைகளைப் பின்வருமாறு பிரிக்கின்றது.

முதல் நிலை: முற்றாகத் தடுக்கப்படுபவை. இவற்றைத் திறக்கவோ சேமிக்கவோ இயலாது. எடுத்துக்காட்டுகள்:
* நிரல்கள்: இ.எக்ஸ்.இ, சி.ஓ.எம், எஸ்.சி.ஆர், பி.ஐ.எஃப்
* கட்டளைத் தொகுப்புகள்: பி.ஏ.டி, சி.எம்.டி, வி.பி.எஸ், ஜே.எஸ்
* நிறுவிகள், அமைப்புக் கோப்புகள்: எம்.எஸ்.ஐ, ஆர்.இ.ஜி
* குறுக்குவழிகள்: எல்.என்.கே, யு.ஆர்.எல்
* அக்செஸ் தரவுத்தளங்கள்: எம்.டி.பி

இரண்டாம் நிலை: வட்டில் சேமித்த பின்னரே திறக்கத்தக்கவை. இப்பட்டியல் இயல்பாக வெறுமையாக இருக்கும். முதல் நிலையிலிருந்து விடுவிக்கப்படும் வகைகள் இங்கு வந்து சேர்கின்றன.

பி.டி.எஃப், ஜே.பி.ஜி, டி.ஓ.சி, ஜிப் முதலியன இவ்விரு நிலைகளிலும் இயல்பாக இடம்பெறுவதில்லை. இவற்றுள்ளும் ஆபத்து இருக்கக்கூடும். மெலிசா ஓர் எளிய வேர்ட் ஆவணமாகவே வந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தமிழ்ப் பயனர்களுக்கு இத்தடை மென்பொருட் பகிர்வின்போது நேர்வதுண்டு. இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருட்களின் நிறுவிகள் இ.எக்ஸ்.இ கோப்புகள் ஆகும். நண்பருக்கு உதவும் நோக்கில் அதனை மடலுடன் இணைத்து அனுப்பினால் அவுட்லுக் அதனைத் தடுத்துவிடும். மென்பொருளை உருவாக்கியோரின் தளத்துக்கான தொடுப்பை அனுப்புவதே இதற்குரிய முறையாகும். அலுவலகங்களில் எம்.டி.பி தரவுத்தளங்களை அனுப்பும்போதும் இதே சிக்கல் எழுகின்றது.

தடையின் இடத்தைக் கண்டறிதல்

தீர்வு காண்பதற்கு முன் தடை எங்கு நேர்ந்தது என அறிவது இன்றியமையாதது. பின்வரும் அறிகுறிகள் இதற்கு உதவும்.

* மடலின் மேற்பகுதியில், பாதுகாப்பற்றதாக இருக்கக்கூடிய இணைப்புகளை அணுகுவது தடுக்கப்பட்டுள்ளது என்னும் பொருளில் கோப்பின் பெயருடன் அறிவிப்பு தோன்றினால், தடுத்தது அவுட்லுக் ஆகும்.
* மடல் பெறுபவரை அடையாமல், அனுப்பியவருக்கே காரணத்துடன் திரும்பி வந்தால், தடுத்தது வழங்கி ஆகும்.
* மடல் வந்து, இணைப்புக்கு மாற்றாக அது நீக்கப்பட்டதாகக் கூறும் உரைக் கோப்பு மட்டும் இருந்தால், வழங்கியிலோ கணினியிலோ உள்ள நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள் அதனை நீக்கியுள்ளது. அதன் 'தனிமைப்படுத்தல்' பகுதியைப் பார்க்க வேண்டும்.
* கோப்பைச் சேமிக்க முடிந்து, திறக்கும்போது மட்டும் எச்சரிக்கை தோன்றினால், அது விண்டோசின் ஏற்பாடு ஆகும்.

வழங்கியிலேயே நீக்கப்பட்ட கோப்பைப் பெறுபவரின் கணினியில் எந்த அமைப்பை மாற்றினாலும் மீட்க இயலாது. பலர் இதனை அறியாமல் தம் கணினியின் பாதுகாப்பைக் குறைத்துவிடுகின்றனர். கோப்பு கிடைப்பதில்லை, பாதுகாப்பும் போய்விடுகின்றது.

தீர்வுகள்

எளிமையும் பாதுகாப்பும் மிக்கவை முதலில் தரப்பட்டுள்ளன.

1. அனுப்பியவரிடம் உறுதி செய்தல்

கோப்பை அவரே அனுப்பினாரா எனத் தொலைபேசி மூலம் கேட்டறிய வேண்டும். மடலுக்கு மறுமொழி அனுப்பிக் கேட்பது போதுமானதன்று. அவரது கணக்கு பிறர் கையில் இருந்தால் மறுமொழியும் அவர்களிடமிருந்தே வரும்.

2. தொடுப்பாகப் பெறுதல்

கோப்பை கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற சேமிப்பகத்திலோ அலுவலகத்தின் பொதுக் கோப்புறையிலோ இட்டு, அதன் தொடுப்பை மட்டும் அனுப்பச் சொல்லலாம். பெரிய கோப்புகளுக்கும் இதுவே ஏற்றது.

3. சுருக்கி அனுப்புதல்

கோப்பை ஜிப் வடிவில் சுருக்கி அனுப்பினால் அவுட்லுக் இயல்பாக அதனைத் தடுப்பதில்லை. எனினும் வழங்கிகள் பல ஜிப் கோப்பின் உள்ளேயும் சோதிக்கின்றன. ஜிமெயில், ஜிப்பின் உள்ளே இருக்கும் இ.எக்ஸ்.இ கோப்பையும் தடுக்கின்றது. கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பைச் சோதிக்க இயலாது என்பதால் சில வழங்கிகள் அதனை ஏற்பதில்லை. 2004 இல் பரவிய 'பேகிள்' புழுவின் சில வகைகள் கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பாக வந்து, கடவுச்சொல்லையும் அதே மடலில் தந்து பயனரை ஏமாற்றின. எனவே கடவுச்சொல்லும் கோப்பும் ஒரே மடலில் வந்தால் ஐயுற வேண்டும்.

4. நீட்டிப்பை மாற்றி அனுப்புதல்

அனுப்புபவர் இ.எக்ஸ்.இ என்பதை வேறொரு நீட்டிப்பாக மாற்றி அனுப்பலாம். பெறுபவர் அதனை வட்டில் சேமித்து, பழைய நீட்டிப்பை மீண்டும் இட வேண்டும். இதற்குக் கோப்பு உலாவியின் 'வியூ' பட்டியில் கோப்பு நீட்டிப்புகளைக் காட்டும் தெரிவைச் செயற்படுத்தியிருக்க வேண்டும். இத்தெரிவை எப்போதும் செயற்படுத்தி வைத்திருப்பது, இரட்டை நீட்டிப்பு ஏமாற்றைக் கண்டறியவும் உதவும்.

5. அமைப்புகளை மாற்றுதல்

மறுபடி அனுப்ப வழியில்லாத நிலையில் மட்டும் இதனைக் கருதலாம். அனுப்பியவரிடம் கோப்பு இல்லாமல் போய், மடலும் வழங்கியிலிருந்து நீக்கப்பட்டு, பெறுபவரின் கணினியில் மட்டும் எஞ்சியிருப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

மரபான அவுட்லுக்கில் இதற்கென நேரடித் தெரிவு இல்லை. விண்டோஸ் பதிவகத்தில், நடப்புப் பயனருக்கான பிரிவில், அவுட்லுக் பதிப்புக்குரிய 'செக்யூரிட்டி' பகுதிக்குச் செல்ல வேண்டும். அவுட்லுக் 2010 க்கு 14.0, 2013 க்கு 15.0, 2016 முதலான பதிப்புகளுக்கு 16.0 என்பன பதிப்பு எண்கள் ஆகும். அங்கு 'லெவல்1ரிமூவ்' என ஆங்கிலத்தில் இடைவெளியின்றிப் பெயரிட்ட சரவகைப் பதிவொன்றை உருவாக்கி, விடுவிக்க வேண்டிய நீட்டிப்பைப் புள்ளியுடன் எழுத வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பின் அரைப்புள்ளியால் பிரிக்க வேண்டும். அவுட்லுக்கை மூடித் திறந்தபின் அவ்வகை இரண்டாம் நிலைக்கு மாறும்.

இம்மாற்றம் ஒரு கோப்பை மட்டுமன்றி, அந்நீட்டிப்புடைய அனைத்துக் கோப்புகளையும் விடுவிக்கின்றது. ஆகையால் வேலை முடிந்தவுடன் பதிவை நீக்கிவிட வேண்டும். பதிவகத்தில் தவறான மாற்றம் கணினியைச் செயலிழக்கச் செய்யலாம் என்பதால், முன்னதாக அதன் படியொன்றை எடுத்து வைப்பது நலம். அலுவலகக் கணினிகளில் நிருவாகி இத்தகைய மாற்றத்தைத் தடை செய்திருக்கலாம். அங்கு நிருவாகியை அணுகுவதே முறை. 'புதிய அவுட்லுக்' எனப்படும் செயலி இப்பதிவைப் பயன்படுத்துவதில்லை.

சேமித்த கோப்பை விண்டோஸ் தடுத்தால், கோப்பின் மீது வலச்சொடுக்கிட்டுப் பண்புகள் சாளரத்தைத் திறந்து, அதன் பொதுப் பகுதியில் உள்ள 'அன்பிளாக்' என்னும் தேர்வுப்பெட்டியைத் தெரிவு செய்யலாம். இது அந்த ஒரு கோப்பை மட்டும் விடுவிக்கும். அதற்கு முன் நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளால் கோப்பைச் சோதிக்க வேண்டும்.

தடை போலத் தோன்றும் பிற சிக்கல்கள்

* அளவு மிகுதல்: ஜிமெயிலில் இணைப்புகளின் வரம்பு 25 மெகாபைட் ஆகும். வரம்பை மீறும் மடல் திரும்பி வருவது நச்சுநிரல் தடை அன்று.
* வின்மெயில்.டேட்: அவுட்லுக்கின் செறிவுரை வடிவில் அனுப்பப்பட்ட மடலை வேறு மென்பொருளில் திறக்கும்போது இணைப்புகள் இப்பெயருடைய ஒரே கோப்பாகத் தோன்றலாம். அனுப்புபவர் மடலின் வடிவத்தை எச்.டி.எம்.எல் அல்லது எளிய உரையாக மாற்றி அனுப்பினால் இச்சிக்கல் தீரும்.
* தமிழ்க் கோப்புப் பெயர்கள்: மடலின் தலைப்பகுதியில் தமிழ் எழுத்துகள் குறிமுறைப்படுத்தி அனுப்பப்படுகின்றன. இதனைச் சரியாகக் கையாளாத பழைய மென்பொருட்களில் பெயர் கேள்விக்குறிகளாகவோ பொருளற்ற எழுத்துகளாகவோ மாறி, நீட்டிப்பும் மறைந்துபோகலாம். கோப்பின் உள்ளடக்கம் பெரும்பாலும் கெடுவதில்லை. கோப்பைச் சேமித்து உரிய நீட்டிப்பை இட்டால் திறக்கும். முக்கியமான விண்ணப்பங்களை அனுப்பும்போது சுருக்கமான ஆங்கிலப் பெயரிடுவது பாதுகாப்பானது.

இந்தியச் சட்டநிலை

ஐ லவ் யூ புழு பரவியபோது பிலிப்பைன்சில் அதற்கெனச் சட்டம் இல்லாமையால் குற்றம் சாட்டப்பட்டவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஜூன் 9, 2000 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, அக்டோபர் 17, 2000 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளரின் இசைவின்றிக் கணினியில் நச்சுநிரலைப் புகுத்துவதை இதன் 43 ஆம் பிரிவு தவறாகக் கொள்கின்றது. அக்டோபர் 27, 2009 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அதனை நேர்மையற்ற நோக்குடனோ வஞ்சக நோக்குடனோ செய்வோருக்கு 66 ஆம் பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கையாளும் தேசிய அமைப்பான 'செர்ட்-இன்' ஜனவரி 2004 முதல் செயற்படுகின்றது. அது 2017 இல் தொடங்கிய சைபர் சுவச்சதா கேந்திரா மூலம், தீங்குநிரல்களை நீக்கும் கருவிகள் இலவசமாக வழங்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* மின்னஞ்சல்
* கணினி நச்சுநிரல்
* கணினிப் புழு
* கோப்பு நீட்டிப்பு
* மேலூர் வட்டம்